‘வந்து’, ‘பாத்தீங்கன்னா’, ‘ஆக்சுவலி’: விவாதம் பழகும் மதுரைப் பிள்ளைகளுக்கு

மதுரையில் மேடைக்குப் பஞ்சமே கிடையாது. கல்லூரித் தமிழ் மன்றம், திருவிழாப் பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா என்று வருடம் முழுக்க எங்காவது ஒரு மைக் காத்திருக்கும். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த சாலமன் பாப்பையா, பட்டிமன்றத்தைத் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்ததும் இந்த ஊரிலிருந்துதான். அப்படிப்பட்ட ஊரில் புதிதாகப் பேச வரும் பிள்ளைகள், போட்டி முடிந்ததும் நடுவர் மேசைக்கு வந்து பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “சார், நடுநடுவுல ‘அ... அ...’ன்னு வருது. ‘வந்து வந்து’ன்னு வருது. அத எப்படி சார் நிறுத்துறது?”

அதற்கான பதிலைப் படிப்படியாக எழுதலாம் என்றுதான் இது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பது தெளிவாக இல்லாத இடத்தில்தான் ‘வந்து’ முளைக்கிறது. அந்த இடத்தைச் சரி செய்தால் அது தானாகக் குறையும். சரி செய்யாமல் சத்தத்தை மட்டும் அடக்கினால், அதைவிட மோசமான ஒன்று அங்கே வந்து உட்காரும்: சரளமாக ஓடுகிற, கேட்க இனிமையான, ஒன்றுமே சொல்லாத வாக்கியம். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், விவாதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

எதை நிரப்புச் சொல் என்கிறோம்

பொருள் எதுவும் தராமல் பேச்சின் இடைவெளியை மட்டும் நிரப்புகிற சொல்தான் நிரப்புச் சொல். ‘வந்து’ தமிழ்நாட்டுக்கே பொது. “அரசாங்கம் வந்து, இந்தத் திட்டத்த வந்து, மக்களுக்கு வந்து...” யாரும் எங்கிருந்தும் வரவில்லை, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதாவது, என்னன்னா, அந்த மாதிரி, சொல்லப்போனா ஆகியவை இதன் பங்காளிகள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளிடம் ஆக்சுவலி, பேசிக்கலி, சோ, லைக் சேர்ந்துகொள்ளும். சில வருடங்களாகப் ‘பாத்தீங்கன்னா’ எல்லாரையும் முந்திவிட்டது. யூடியூபில் பிரியாணிக் கடையைச் சுற்றிக் காட்டுகிறவர் “இங்க பாத்தீங்கன்னா” என்றால் அங்கே பார்க்க ஒரு அண்டாவாவது இருக்கிறது. மேடையில் “பெண்கல்வியப் பாத்தீங்கன்னா” என்றால் எங்கே திரும்பிப் பார்ப்பது?

இவற்றைக் கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்தவர்கள், இயல்பான பேச்சில் 100 சொல்லுக்குச் சுமார் 6 இடத்தில் இப்படித் தயக்கமோ திருத்தமோ விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘அ’, ‘அம்’ போன்ற ஒலிகள் வெறும் தடுமாற்றம் அல்ல, ‘கொஞ்சம் பொறு, வருகிறேன்’ என்று கேட்பவருக்குப் பேசுபவர் தரும் அறிவிப்பு என்பது அவர்கள் வாதம். திண்ணைப் பேச்சில் அந்த அறிவிப்பு தேவைதான், இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் குறுக்கே புகுந்துவிடுவார். மேடையில் அந்தப் பயம் இல்லை. மைக் உங்கள் கையில் இருக்கிறது, நேரமும் உங்களுடையது.

எது நிரப்புச் சொல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’, ‘அதேன்’ எல்லாம் நம் ஊர்ப் பேச்சு, அதில் கை வைக்காதீர்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருகிற பிள்ளை, பேச்சைச் சுத்தம் செய்கிறேன் என்று ஊர்வாடையைத் துடைத்துவிட்டுச் செய்தி வாசிப்பாளர் போலப் பேச ஆரம்பித்தால், முதல் நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். எதிரணி எதிர்பாராமல் ஒன்று கேட்டதும் இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். திக்குவாய் என்பதும் வேறு விஷயம். திக்குகிற நண்பரை ‘நிரப்பாமல் பேசு’ என்று திருத்தப் போகாதீர்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் பொறுமையாகக் கேட்பது, கூடவே தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர்.

முதல் வேலை: பதிவு செய்து, கையால் எழுதுங்கள்

கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, தயாரிப்பே இல்லாமல் ஏதாவது ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பேசுங்கள். பெரிய தலைப்பு வேண்டாம். ‘மதுரைக்கு முதலில் வேண்டியது மெட்ரோ ரயிலா, கூடுதல் பேருந்துகளா?’ போதும். இந்தக் கட்டுரை முழுக்க இதையே வைத்துக்கொள்வோம்.

பிறகு போட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், இரண்டு நிமிடப் பேச்சை எழுதவே அரை மணி நேரம் பிடிக்கலாம். ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். காது பழகிய ‘வந்து’வை விட்டுவிட்டுத்தான் கேட்கும், எழுதுகிற கைக்கு அந்தச் சலுகை கிடையாது. கைபேசியே எழுத்தாக்கித் தரும் வசதியை இதற்கு நம்ப முடியாது, பல நேரம் அது தயக்க ஒலிகளைத் தானே நீக்கிவிடும்.

எழுதி முடித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மெட்ரோ வந்து பாத்தீங்கன்னா மதுரைக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா வந்து, இப்ப டிராஃபிக் வந்து எல்லா எடத்துலயும் ரொம்ப அதிகமாயிருச்சு, அந்த மாதிரி, சோ, அ... மக்கள் வந்து ரொம்பக் கஷ்டப்படுறாங்க, இல்லையா?”

இப்போது சிவப்புப் பேனாவால் நிரப்புச் சொற்களை அடித்துவிட்டுப் படியுங்கள். “மெட்ரோ மதுரைக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா டிராஃபிக் அதிகமாயிருச்சு, மக்கள் கஷ்டப்படுறாங்க.” சுத்தமாகிவிட்டது, ஆனால் உள்ளே ஏதாவது இருக்கிறதா? எங்கே நெரிசல், எந்த நேரத்தில், அதை ஏன் பேருந்தால் தீர்க்க முடியாது, மெட்ரோ எப்படித் தீர்க்கும்? எதுவும் இல்லை. முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எத்தனை என்பதை விட்டுவிட்டு, எங்கே என்று பாருங்கள்

பிள்ளைகள் பதிவைக் கேட்டதும் எண்ண ஆரம்பிக்கிறார்கள். எண்ணிக்கை உங்களைப் பயமுறுத்தும், அவ்வளவுதான். நிரப்புச் சொல் விழுந்த இடம்தான் காரணத்தைக் காட்டும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் விழுந்தால், அடுத்த கருத்து எது என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. கருத்துகளை ஒழுங்குபடுத்தாமல் மேடையேறியிருக்கிறீர்கள். மூன்று கருத்துகளை மூன்று சொல்லாக உள்ளங்கை அளவுச் சீட்டில் எழுதிக்கொண்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். முழு வாக்கியமாக எழுதாதீர்கள். வாக்கியமாக எழுதினால் மனப்பாடம் ஆகும், மனப்பாடம் நடுவில் அறுந்தால் ‘அ...’வுக்கு அளவே இருக்காது.

பெயருக்கும் எண்ணுக்கும் முன்னால் விழுந்தால், அந்தத் தகவல் உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை திட்டமிட்ட மெட்ரோ பாதை சுமார் 32 கிலோமீட்டர். இதை ஒருமுறை பார்த்துத் தெரிந்துகொண்டவர் “முப்பத்திரண்டு கிலோமீட்டர்” என்று நேராகச் சொல்வார். தெரியாதவர் “ஒரு... அ... வந்து முப்பது நாப்பது” என்பார். இதற்கு வாய்ப்பயிற்சியால் பலன் இல்லை. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு மாலை போய்வருவதுதான் மருந்து.

வாக்கியத்தின் முடிவில் ‘இல்லையா’, ‘ஓகேவா’, ‘சரியா’ என்று விழுந்தால், சொன்னதில் உங்களுக்கே நம்பிக்கை குறைவு, சபையிடம் ஒப்புதல் கேட்கிறீர்கள். அந்தக் கருத்தைத் தனியாக எடுத்து ‘எனக்கு இதில் எங்கே சந்தேகம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் உங்கள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும், கருத்து பலவீனமானதுதான். அதைத் தூக்கிவிடலாம்.

வாக்கியத்தின் நடுவில் விழுவதுதான் தமிழில் அதிகம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘மாநகராட்சி’ என்று ஆரம்பித்து, எதை, யாருக்கு, எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டு, கடைசியில்தான் ‘செய்ய வேண்டும்’ என்று இறக்கி வைக்க முடியும். வாக்கியம் நீள நீளச் சுமை கூடும். மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ‘வந்து’. இதற்கு வழி எளிது: வினைமுற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். “மாநகராட்சி பேருந்து நிலையத்தில் இருந்து வெளியே வருகிற பயணிகளுக்காகச் சிம்மக்கல் பக்கம் இருக்கிற அந்த இடத்தில் ஒரு...” என்று இழுக்காமல், “சிம்மக்கல்லில் சாலை குறுகல். பேருந்தும் காரும் ஒரே பாதையில்தான் போகணும். இன்னும் நூறு பேருந்து விட்டாலும் அதுவும் அந்த நெரிசலில்தான் நிற்கும். மெட்ரோவுக்குத் தனிப் பாதை” என்று பேசுங்கள். நான்கு வாக்கியம். ஒன்றில்கூட ‘வந்து’வுக்கு இடம் இல்லை. முன்னால் வெறும் ‘முக்கியம்’ என்று இருந்தது இப்போது வாதமாகவும் ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

வாயை மூடப் பழகுவது

கருத்தைச் சரி செய்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது பழக்கம். அதற்கு ஒரே பயிற்சி: ‘வந்து’ வரப்போகிறது என்று தெரிந்ததும் உதட்டை மூடி, மூச்சை உள்ளே இழுங்கள். உதடு சேர்ந்திருக்கும்போது ‘அ...’ சொல்ல முடியாது. அந்த ஒரு நொடி உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும். பதிவைப் போட்டுக் கேட்டால் சும்மா ஒரு நிறுத்தம்தான். சபைக்கு அது யோசித்துப் பேசுகிறவரின் நிதானமாகப் படும்.

சிலர் எண்ணுவதற்கு ஆள் வைக்கச் சொல்வார்கள். மேடைப் பேச்சுப் பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் நிரப்பு ஒலிகளை எண்ணுவதற்கென்றே கூட்டத்தில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுப்பது வழக்கம். நல்ல முறைதான். புதியவர்களுக்கு முதல் சில வாரங்கள் வேண்டாம் என்பது என் கருத்து. யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தன் வாயைத்தான் கவனிக்கும், கருத்தைக் கவனிக்காது. கருத்து நிலைத்த பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

பெரிய நிரப்பு

சரி, இப்போது சிக்கலான பகுதி. ‘வந்து’வை முழுக்க ஒழித்துவிட்டுக் கோப்பையும் வாங்கிக்கொண்டு போகிற பேச்சாளர்கள் உண்டு. அவர்கள் பேச்சை எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

“வளர்ந்துவரும் இந்த நவீன அறிவியல் யுகத்திலே, சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மாமதுரை மண்ணிலே நின்றுகொண்டு, நடுவர் அவர்களே, ஒரு கருத்தை ஆணித்தரமாகப் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். எங்கள் அணி சொல்வதுதான் காலத்தின் கட்டாயம் என்று கூறி...”

இதிலும் சிவப்புப் பேனாவை வையுங்கள். எதை அடிப்பது? எல்லாவற்றையும்தான். ‘அ...’ ஒரு நொடியைத் தின்னும், இது அரை நிமிடத்தைத் தின்கிறது. மூன்று நிமிடப் போட்டியில் அவையோர், சான்றோர், ஆன்றோர் என்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எச்சரிக்கை மணிக்குப் பாதி தூரம் வந்துவிடுகிறோம். எல்லாத் தலைப்புக்கும் பொருந்துகிற ஒரு குறள், அப்துல் கலாம் பெயரில் ஒரு பொன்மொழி (அவர் சொன்னாரா என்று யாரும் பார்ப்பதில்லை), கைதட்டலுக்காக அம்மா பற்றி ஒரு வரி. இவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன: அடுத்த கருத்து கிடைக்கும்வரை நேரத்தை நிரப்புகின்றன.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறது. அதில் நான்கைப் பேச்சாளர்கள் தங்கள் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளலாம்: கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். ஒரே கருத்தை வேறு வேறு அலங்காரத்தில் திருப்பிச் சொல்வது முதலாவது. மேலே இருக்கும் ‘மாமதுரை மண்’ இரண்டாவது. பேருந்துத் தலைப்பில் ஆரம்பித்து ஊழல், மது, சினிமா என்று போய்விடுவது மூன்றாவது. ஓங்கி ஆரம்பித்து ‘அவ்வளவுதான், நன்றி’ என்று மங்கிப்போவது நான்காவது.

ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தை உருவி, எதிரணியில் பேசுகிறவரிடம் கொடுங்கள். அவர் அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தன் பேச்சில் சொல்ல முடியும் என்றால், அது நிரப்பு. ‘காலத்தின் கட்டாயம்’ இரு அணிக்கும் பொருந்தும். ‘மெட்ரோவுக்குத் தனிப் பாதை’ உங்கள் அணிக்கு மட்டும்தான் பொருந்தும்.

மறுத்துப் பேசுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். காரணம், எதிரணி பேசும்போது அவர்கள் கேட்பதில்லை. தங்கள் பேச்சை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். முறை வந்ததும் “நண்பர் என்ன சொல்றாருன்னா... வந்து...” என்று ஆரம்பித்து, அவர் சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு உட்காருகிறார்கள்.

ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தியாக்குங்கள். இடப்பக்கம் எதிரணி சொல்வதை ஒரு கருத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். அவர் பேசுகிற வரை வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். முடிந்ததும், அதில் பலமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சில்லறையை விடுங்கள், பலமானதைத் தொட்டால்தான் விவாதம் நகரும்.

எதிரணி இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகர்த் தொகுப்பில், அதாவது நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, சுமார் 14.6 லட்சம் பேர்தான். ஆள் இல்லாத இடத்தில் மெட்ரோ எதுக்கு?”

இதற்கு நம் மேடைகளில் கிடைக்கிற வழக்கமான பதில்: “நண்பர் மதுரையையே மட்டமா நினைக்கிறாரு! மதுரைக்காரங்க யாருன்னு தெரியுமா?” விசில் பறக்கும். கருத்து அப்படியே நிற்கும், யாரும் அதைத் தொடவில்லை.

இன்னொரு பதில் இப்படி: “14.6 லட்சம்ங்கிறது சரிதான், நான் மறுக்கல. ஆனா அது 2011 கணக்கு. 2021ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிருச்சு. அதனால அந்த எண்ண வச்சு இன்னைக்கு ஆள் இல்லைன்னு சொல்ல முடியாது.” இப்போது எதிரணிக்கு வேலை வந்துவிட்டது. அவர்கள் நல்லவர்களாக இருந்தால் இப்படித் திரும்பி வருவார்கள்: “கூடியிருக்கும், ஒத்துக்குறோம். 20 லட்சத்தைத் தாண்டிருச்சுன்னு உங்ககிட்ட என்ன ஆதாரம்? மெட்ரோ கட்ட வருஷக்கணக்கா ஆகும். பேருந்து அதுக்கு முன்னாலயே வந்துரும்.” இரண்டு பேரும் முந்தைய பேச்சைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கிறார்கள். இங்கே ‘வந்து’ இரண்டு மூன்று விழுந்தாலும் எந்த நடுவரும் மதிப்பெண் குறைக்க மாட்டார், குறைத்தால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம்.

எதிராளியின் கருத்தை நீங்கள் திருப்பிச் சொல்லும்போது அவர் தலையாட்ட வேண்டும், அதுதான் அளவு. தலையாட்டவில்லை என்றால் நீங்கள் வேறு யாரையோ மறுக்கிறீர்கள். பழக ஆசையிருந்தால் பழைய சொற்போர் ஒன்றை அச்சில் தேடிப் படியுங்கள். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் வைத்து அண்ணாவும், மதுரைப் பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சேலத்தில் எதிரெதிரே நின்று பேசியது நூலாகக் கிடைக்கிறது. யார் பக்கம் என்பதை விட்டுவிட்டு, ஒருவர் மற்றவருடைய கருத்தை எங்கே எடுத்துக்கொள்கிறார், எதைத் தொடாமல் தாண்டிப்போகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

நான்கு பேர் போதும்

தனியாகப் பேசிப் பழகுவதற்கு ஒரு எல்லை உண்டு. நான்கு பேர் சேருங்கள், வாரம் ஒரு மாலை. தெப்பக்குளத்துப் படிக்கட்டு, காந்தி அருங்காட்சியகத்து மரநிழல், எதுவானாலும் சரி. இரண்டு பேர் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் இடப்பத்தி வலப்பத்தி எழுத வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் மறுப்பு. அப்புறம் பக்கத்தை மாற்றிக்கொண்டு மறுபடியும். தான் நம்பாத பக்கத்தைப் பேசும்போதுதான் தன் பக்கத்தின் ஓட்டை தெரியும்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். ஒருவர் தடுமாறும்போது சிரிக்கக் கூடாது, ‘ஆக்சுவலி’ எத்தனை என்று விரல் மடக்கிக் காட்டக் கூடாது. நிரப்புச் சொல்லைச் சுட்டிக்காட்டி எதிராளியை மடக்குவது இப்போது கல்லூரிகளில் ஒரு விளையாட்டாகிவிட்டது. அதில் மாட்டுவது பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைதான். அந்தப் பிள்ளையிடம்தான் பல நேரம் நேரில் கண்ட விஷயம் இருக்கும். மூன்று பேருந்து மாறி வகுப்புக்கு வருகிறவருக்குப் பேருந்தைப் பற்றிச் சொல்ல இல்லாமலா போகும்?

வேலைவாய்ப்பு நேர்காணலில் வரும் குழு விவாதத்துக்கும் இதே தயாரிப்புத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மைக் கிடையாது, மௌனமானால் இன்னொருவர் புகுந்துவிடுவார். அதனால் அங்கே நிறுத்தத்தை வாக்கியத்தின் நடுவில் வைக்காமல் முடிவில் வையுங்கள். இன்னொருவர் புகுந்தாலும் நீங்கள் சொல்ல வந்தது முழுதாக விழுந்திருக்கும். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தாலும் மூன்று சொல் சீட்டைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம், யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

போட்டி நாளில்

முதல் நாள் இரவு புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். சீட்டில் மூன்று சொல், இரண்டு எண். வணக்கம் ஒரு வரி: “நடுவருக்கும் அவைக்கும் வணக்கம்.” உடனே முதல் கருத்து. எச்சரிக்கை மணி கேட்டதும் வேகத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் அடக்கி வைத்த ‘வந்து’ எல்லாம் வரிசையாக வந்துவிடும். மிச்சமிருக்கும் கருத்தை விட்டுவிட்டு, பேசிக்கொண்டிருக்கும் கருத்தை முடியுங்கள். கடைசி மணி வாக்கியத்தின் நடுவில் அடித்தால், வினைமுற்றைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். கீழே வந்ததும் நண்பர்களிடம் ‘எப்படிப் பேசினேன்?’ என்று கேட்காதீர்கள், ‘சூப்பர்’ என்பார்கள். ‘நான் சொன்ன மூன்று கருத்து என்ன?’ என்று கேளுங்கள். இரண்டாவது யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால், அடுத்த வாரம் தெப்பக்குளத்தில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.